யப்பானுக்குப் போய்வந்தவர்

மட்சுயே என்று யப்பானில் ஒரு ஊர் இருக்கிறது. சின்ன ஊர், இனிப்புக்கும் பூங்காக்களுக்கும் பேர்போனது. நான் அங்கே போனதில்லை, போகிற எண்ணமும் இல்லை. ஆனால் அந்த ஊரில் ஒரு பெரிய ஏரி இருப்பதும், பொழுதுபடுகிற நேரம் சனங்கள் அதன் கரையில் போய்ப் பேசாமல் நிற்பதும், தேத்தண்ணி குடிக்க முதல் தட்டில் வைத்த இனிப்பைக் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதும் எனக்கு மனப்பாடம். ஒரு மனிதர் எங்கள் காதுக்குள் ஓதி ஓதி ஏற்றிவைத்தது. சில நாட்கள் போய்விட்டு வந்து வருடக்கணக்காக அதையே கதைத்தார்.

அவருடைய பேரை எழுத எனக்கு விருப்பமில்லை. எழுதினால் ஏதோ மரியாதை செய்ததுபோல் ஆகிவிடும். டென்மார்க்கில் ஸ்கீவ என்ற சின்ன ஊரில் இருந்த தமிழ் ஆட்கள் நாங்கள் அவரை முகத்துக்கு முன்னால் அண்ணை என்றோம். அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனதும் யப்பான் என்றோம்.

ஊரில் அவர் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர். கூப்பனுக்கு அரிசி கொடுத்த காலத்தில் வரிசையைக் கட்டி ஆண்டவர் என்று அவரே பெருமையாகச் சொல்லுவார். வரிசை என்றால் அவருக்கு அப்படி ஒரு விருப்பம். பேக்கரியில் ஒரு கிழவிக்குப் பின்னால் தனியே நின்றாலும் அதை வரிசை என்று நினைத்துக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். சேட்டின் மேல் பொத்தான்வரை பூட்டியிருப்பார். பஸ்ஸில் நாங்கள் தமிழில் கதைத்தால் திரும்பிப் பார்த்து உதட்டில் விரலை வைப்பார். ஞாயிற்றுக்கிழமை மீன் பொரிக்கக் கூடாது, பக்கத்து வீட்டுக்காரருக்கு மணக்கும் என்று எங்களுக்குச் சட்டம் போட்டவரும் அவர்தான். என்னோடு அறையில் இருந்த மன்னார்க்காரன் செபமாலை, மீனில்லாமல் ஞாயிறு என்ன ஞாயிறு என்று வேண்டுமென்றே ஜன்னலைத் திறந்துவைத்துப் பொரிப்பான்.

அவர் வாயில் எந்நேரமும் நின்ற சொல் ஒன்றுதான். அந்தரப்படாதேங்கோ. பல்லுக் குத்தினாலும் அந்தரப்படாதேங்கோ, வீடு எரிந்தாலும் அந்தரப்படாதேங்கோ. அந்தரப்பட அவருக்கு என்ன இருந்தது? கலியாணம் கட்டவில்லை, தாய் தகப்பன் போய்விட்டார்கள், ஊரில் அவர் கடிதத்துக்குக் காத்திருக்க ஒரு நாய்கூட இல்லை. மற்றவன் வீட்டுக் காத்திருப்புக்குப் பொறுமை சொல்ல அவரைவிடத் தோதான ஆள் கிடையாது.

எங்களுக்கோ காத்திருப்பதைத் தவிர வேறு சீவியம் இல்லை. நானும் செபமாலையும் இறைச்சி ஆலையில் வேலை. அகதி என்று ஏற்றுக்கொண்டவன் தன் மனைவியையும் பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளையும் கூப்பிடலாம் என்பது டென்மார்க்கின் சட்டம். நான் விண்ணப்பம் கொடுத்து வருடம் திரும்பிவிட்டது. பதில் இல்லை. மந்திரியின் சொல்லைக் கேட்டுத் தலைநகரில் எங்கள் விண்ணப்பங்களை எல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்கிவைத்தார்கள் என்பதும், அது சட்டத்துக்கே விரோதம் என்பதும் பிறகுதான் வெளியில் வந்தது. பத்திரிகைகள் அதற்குத் தமிழ் வழக்கு என்று பேர் வைத்தன. கடைசியில் அரசாங்கமே விழுந்தது. நாங்கள் காத்திருந்த அந்தக் காலத்தில் இது ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. தபால்காரன் வந்தான், போனான், அவ்வளவுதான்.

கொக்குவிலில் என் மனுசி, மகள், மகன் மூன்று பேரும் இந்தியன் ஆமிக்கும் இயக்கங்களுக்கும் நடுவில் கிடந்தார்கள். மகனுக்குப் பதினாலு. மகளுக்கு வருகிற ஆடியோடு பதினெட்டு முடிகிறது. அதற்குள் அவள் விமானம் ஏறாவிட்டால் இந்த நாட்டுக் கணக்கில் அவள் வளர்ந்த மனுசி. அப்பனோடு சேர அவளுக்கு உரிமை இல்லை. இரவு பகலாக என் தலைக்குள் ஓடியது அந்த ஆடி மாதம் ஒன்றுதான்.

எங்களில் டேனிஷ் ஓரளவு ஒழுங்காகக் கதைக்கக்கூடியவர் அவர்தான். அதனால் பொலிஸ் நிலையம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் அவரைத்தான் மொழிபெயர்க்கக் கூட்டிப்போக வேண்டும். அந்த மாரியில் வெளிநாட்டவர் விசயங்களைப் பார்க்கிற பொலிஸ்காரர் என்னை ஒரு நாள் வரச்சொன்னார். நல்ல மனிதர், போனவுடன் கோப்பி தந்தார். எனக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே சந்தர்ப்பம் அது என்று நினைத்து நான் எல்லாவற்றையும் கொட்டினேன். மகள் பள்ளிக்கூடம் போகிற வழியில் செல் விழுந்ததைச் சொன்னேன், மனுசி அவளை எங்கெங்கே ஒளித்துவைத்தாள் என்பதைச் சொன்னேன்.

"வயசைக் கட்டாயம் எழுதச் சொல்லுங்கோ அண்ணை," என்றேன். "ஆடிக்கு முதல் வராட்டி அவள் அங்கை தனிய நிண்டிடுவாள். அதை மட்டுமாவது வடிவாச் சொல்லுங்கோ."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் பொலிஸ்காரரிடம் மெல்லிய குரலில் ஏதோ சொன்னார். நான் கனநேரம் கதைத்ததை அவர் இரண்டு மூச்சில் முடித்துவிட்டார். டேனிஷ் சுருக்கமான பாஷை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பொலிஸ்காரர் என்னைப் பார்த்துச் சிரித்து, கை கொடுத்து அனுப்பினார். வெளியில் பனிக்குள் நின்று எல்லாம் சொன்னீர்களா என்று கேட்டேன். வடிவாகச் சொன்னேன், அந்தரப்படாதேங்கோ என்றார். அவருக்கு அன்றைக்கு நான் ஒரு ரொட்டியும் சம்பலும் செய்து கொடுத்தேன். நினைத்தால் இன்றைக்கும் அந்த ரொட்டியைத் திருப்பி வாங்க வேண்டும்போல இருக்கிறது.

யப்பான் பயணம் வந்தது அடுத்த வசந்தத்தில். ஸ்கீவவில் வீட்டுத்தோட்டம் வைத்திருக்கிற கிழவிகள் சேர்ந்து ஒரு சங்கம் நடத்தினார்கள். அதன் தலைவி வெள்ளைத் தலைமுடியும் பெரிய குரலும் உள்ள ஒரு விதவை. இவர் ஓய்வான நேரமெல்லாம் அந்தக் கிழவிகள் வீட்டில் புல்லுப் பிடுங்கி, ரோசாச் செடி வெட்டிக் கொடுப்பார். சும்மா. எங்களில் யாராவது வீடு மாற ஒரு கை கேட்டால் இடுப்பில் நாரிப்பிடிப்பு வந்துவிடும். சங்கம் யப்பானியத் தோட்டங்களைப் பார்க்கப் புறப்பட்ட நேரம், பதிந்திருந்த ஒருத்தி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். தலைவி அந்த இடத்தை இவருக்குக் கொடுத்தாள். அகதிப் பயணப் புத்தகத்தில் முத்திரை குத்துவித்து, கழுத்தில் ஒரு கமராவையும் மாட்டிக்கொண்டு, கொக்குவிலில் இருந்து மூன்று பேர் வர முடியாத காலத்தில் இந்த மனிதர் பத்துக் கிழவிகளோடு யப்பானுக்குப் போனார்.

வந்ததும் ஆள் மாறிவிட்டார். அதுவரை டேனிஷ்காரருக்குத் தலையை மட்டும் ஆட்டியவர், இப்போது இடுப்போடு குனியத் தொடங்கினார். தபால்காரனுக்குக் குனிந்தார், பஸ் சாரதிக்குக் குனிந்தார். சுப்பர்மார்க்கெட்டில் காசு வாங்குகிற பெட்டை ஒருத்தி இவர் எதையோ தவறவிட்டுவிட்டார் என்று நினைத்துத் தானும் குனிந்து நிலத்தில் தேடினாள்.

ஒரு சனிக்கிழமை எங்கள் எல்லோரையும் தன் இருப்பிடத்துக்குக் கூப்பிட்டுச் சுவரில் ஸ்லைட் படம் காட்டினார். மனைவி மக்களைக் கண்டு வருடங்களான இருபது ஆம்பிளைகள் நிலத்தில் குந்தியிருந்து யப்பானியப் பூ பார்த்தோம். ஏரி வந்தது. கோட்டை வந்தது. நிழல் விழுந்த கல், கல்லில் பிடித்த பாசி, பாசியில் ஒரு இலை வந்தது. இலைக்கு மட்டும் நாலு படம். பிறகு ஒரு பூங்கா வந்தது. அந்த ஊருக்குக் கிட்டவாம். வெண்மணலும் பைன் மரமும் குன்றுமாக இருந்த அந்தப் பூங்காவுக்குள் யாரும் கால் வைக்க ஏலாதாம். கட்டிடத்துக்குள் நின்று கண்ணாடிக்குள்ளால் பார்க்க மட்டும்தானாம். அதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுத்தது. பார்க்கக் கொடுத்துவைத்ததே போதும் என்று அந்தச் சனம் நிற்கிறது, ஒருத்தரும் உள்ளே விடச்சொல்லிக் கேட்கவில்லை, அதுதான் பண்பு என்றார்.

செபமாலை என் காதுக்குள், "எங்களைத்தான் சொல்லுறார்," என்றான்.

அதற்குப் பிறகு இனிப்பு வந்தது. அரிசி மாவையும் சீனியையும் பூ அச்சில் வைத்து அழுத்திய சின்னக் கட்டிகள், வெள்ளையும் றோசாவும். கடிக்க எங்கள் பொரிவிளாங்காய் மாதிரி. ஆனால் பயறும் இல்லை, மிளகும் இல்லை, ருசியும் இல்லை. அதையும் உடனே தின்ன விடவில்லை. ஆளுக்கொரு தட்டில் வைத்து, முதலில் பாருங்கோ, அதைச் செய்தவரை நினையுங்கோ, பிறகு மெல்லக் கடியுங்கோ என்று வகுப்பெடுத்தார். எனக்கு அந்த வெள்ளைப் பூவைப் பார்க்கப் பார்க்க ஆடி மாதம்தான் தெரிந்தது. இன்னும் சில கிழமைகள். எழும்பி, எனக்கு வேண்டாம் என்றேன்.

அவர் கோபிக்கவில்லை, கோபம் வருகிற அளவுக்கு அந்த மனிதரில் ஒன்றுமில்லை. ஊதா நிறத் துணியில் சுற்றிய ஒரு சின்னப் பெட்டியை எடுத்துக் காட்டினார். அதில் மூன்று இனிப்புகளை எனக்காகத் தனியே எடுத்துவைத்திருக்கிறாராம். மனுசிக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று. இது பழுதாகாத சாமான், அவர்கள் வருகிற அன்று கொண்டுவந்து தருவேன், அந்தரப்படாதேங்கோ என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சப்பாத்தைத் தேடி மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆடி வந்தது, போனது. மகளுடைய பிறந்தநாளன்று நான் லீவு எடுக்கவில்லை. நாள் முழுக்கப் பன்றி இறைச்சி வெட்டினேன்.

அந்தக் கோடையில்தான் செபமாலைக்கு வயிற்றுக்குத்து வந்தது. ஆஸ்பத்திரிக்கு மொழிபெயர்க்க அவரே போனார். டொக்டர் வயிற்றை அமத்த, செபமாலை உயிர் போகுது, மாதாவே என்று கத்தியிருக்கிறான். இவர் டொக்டருக்குச் சொன்னது, கொஞ்சம் வசதிக் குறைவாக இருக்கிறதாம் என்று. டொக்டரும் அப்படியானால் நாளைக்குப் பார்ப்போம் என்று போய்விட்டார். செபமாலை மயங்கி விழுந்த பிறகுதான் குடல்வால் வெடிக்கிற நிலையில் இருந்ததைக் கண்டுபிடித்து வெட்டினார்கள். இவர் டொக்டருக்குச் சொன்னதை நேர்ஸ் ஒருத்தி கையாலும் வாயாலும் அவனுக்கு விளங்கப்படுத்தியிருக்கிறாள். அந்த மனிதர் அவன் கட்டிலடியில் நாலைந்து நாள் நகராமல் இருந்து சூப் பருக்கினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அதனால் செபமாலை அதை ஒரு பகிடியாக எடுத்து, வசதிக் குறைவு என்று ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொலிஸ் நிலையத்தில் இரண்டு மூச்சில் முடிந்த மொழிபெயர்ப்பு நினைவுக்கு வந்தது.

மாரி தொடங்க எனக்குப் பதில் வந்தது. மேலே ஒதுக்கிவைத்ததெல்லாம் வெளியில் வந்து பத்திரிகைகள் கத்தியதால் விண்ணப்பங்களை மறுபடி எடுத்துப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். மனுசிக்கு அனுமதி, மகனுக்கு அனுமதி. மகளுக்கு வயது கடந்துவிட்டதால் இல்லை.

இந்த முறை நான் தனியே போனேன். இறைச்சி ஆலையில் பொறுக்கிய டேனிஷ்தான், ஆனால் என்னுடைய டேனிஷ். அதே பொலிஸ்காரர், அதே கோப்பி. ஆடி மாதத்தைப் பற்றி அன்றைக்கே சொன்னேனே, ஏன் அவசரம் என்று எழுதி அனுப்பவில்லை என்று கேட்டேன். அவர் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு என்னை வடிவாகப் பார்த்தார். மகள் நன்றாகப் படிக்கிறாள், நீங்கள் அமைதியாகக் காத்திருக்கிறீர்கள், எங்களுக்குத் தொந்தரவு தர விரும்பவில்லை என்றுதானே அன்று சொன்னீர்கள் என்றார். உங்கள் ஆட்கள் நல்ல பொறுமைசாலிகள் என்று அன்று வீட்டில் மனைவியிடம்கூடச் சொன்னாராம். வயதைப் பற்றி ஒரு சொல்லும் தன் காதில் விழவில்லை என்றார். அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. முகம் வெளிறிப்போய் இருந்தது.

நேரே தலைவியின் வீட்டுக்குப் போனேன். யப்பான் அங்கே தோட்டத்தில், குளிருக்கு முதல் ரோசாச் செடிகளின் அடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்கள் சொன்ன மாதிரியே சொன்னால் வெருட்டுறமாதிரி இருக்கும் தம்பி," என்றார். "ஒருத்தர் அப்பிடிக் கதைச்சால் எங்கட ஆக்கள் எல்லாரையும் அப்பிடித்தான் நினைப்பினம். நான் மரியாதையாச் சொன்னனான்."

"அவளுக்கு வயசு போகுது எண்டதைச் சொன்னனீங்களோ?"

மண்ணைக் கையால் தட்டித் தட்டிச் சமப்படுத்தினார். "சொல்லியிருந்தாலும் ஒண்டும் நடந்திராது. மேலை எல்லாத்தையும் நிப்பாட்டியல்லோ வைச்சிருந்தவை."

அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பக்கத்து ஊரான விபோர்க்கில் ஒரு தகப்பன், தன் மகனுக்கு வயது முட்டுகிறது என்று ஒரு வக்கீலைப் பிடித்துக் கத்தவைத்து, அந்த ஒரு விண்ணப்பத்தை மட்டும் மேலே இழுத்தெடுத்தான். மகன் வந்து சேர்ந்தான். நான் இதைச் சொல்ல அவர், மட்சுயேயில் ஒரு தோட்டக்காரர் ஒரு பைன் கிளையை வளைக்க இருபது வருடம் காத்திருந்தார் என்று ஒரு கதையைத் தொடங்கினார். அந்த நேரத்திலும் யப்பான். எனக்கு அவர் கையில் இருந்த மண்வெட்டியைப் பறித்து வீசவேண்டும்போல இருந்தது. கிழவி ஜன்னலுக்குள்ளால் எங்களைப் பார்த்துச் சந்தோசமாகக் கையசைத்தாள்.

மனுசி முதலில் வரமாட்டேன் என்றுதான் எழுதினாள். மகனும் வளர்ந்துகொண்டு வந்ததால், தம்பியையாவது கொண்டுபோங்கோ அம்மா என்று மகளே பிடிவாதமாக நின்று அனுப்பினாள். அவளைத் தன் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டு மனுசி புறப்பட்டாள். மகள் டென்மார்க்குக்கு வரவேயில்லை. பின்னால் கனடாவில் கலியாணம் கட்டினாள். நான் அவளை மறுபடி கண்டபோது அவளுடைய பிள்ளை என்னைப் பார்த்து, யாரோ என்று பயந்து அழுதது.

மனுசியும் மகனும் கோபன்ஹேகனில் மாறி, கார்ரூப் விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள். நானும் செபமாலையும் அவனுடைய பழைய காரில் போனோம். அவருக்கு நான் சொல்லவில்லை. எப்படியோ அறிந்து, தலைவியின் காரில் வந்து எங்களுக்கு முதலே அங்கே நின்றார், கோட்டுக்குள் கழுத்துப் பட்டியும் கட்டிக்கொண்டு. அகதிக் குடும்பம் ஒன்று சேர்வதைப் பார்க்கக் கிழவியையும் கூட்டிவந்திருந்தார். இந்தக் காட்சியையும் ஒரு ஸ்லைட் படமாக நினைத்தாரோ தெரியாது. கையில் அந்த ஊதாத் துணிப் பெட்டி.

மகன் என் தோளுக்கு வளர்ந்திருந்தான். நான் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். மனுசி சேலைக்கு மேல் யாரோ கொடுத்த பெரிய கோட்டைப் போட்டுக்கொண்டு, நரைத்துப்போய், நடுங்கிக்கொண்டு நின்றாள். அவர் அவளுக்கு முன்னால் போய் இடுப்போடு குனிந்து, இரண்டு கையாலும் பெட்டியை நீட்டினார். மனுசிக்கு அவர் யார் என்று தெரியும். நான் எல்லாம் எழுதியிருந்தேன். அவள் பெட்டியை வாங்கித் துணியை அவிழ்த்து, மூடியைத் திறந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். அவர் படிப்பித்தபடியே பார்த்தாள் என்று சொல்ல வேண்டும்.

"மூண்டு இருக்குது," என்றாள். "மூண்டாவது ஆருக்கு?"

கிழவிக்கு ஒன்றும் விளங்காமல் அவர் கையைத் தட்டி, என்ன சொல்கிறாள் என்று டேனிஷில் கேட்டாள். அவர் திரும்பி, தன் மெல்லிய குரலில், மிகவும் நன்றி என்று சொல்கிறாள் என்றார். கிழவிக்குக் கண் கலங்கிவிட்டது. மனுசியின் கையைப் பிடித்து, அதற்கென்ன, அதற்கென்ன என்றாள்.

தான் கேட்டதற்குத்தான் பதில் வந்திருக்கிறது என்று நினைத்த மனுசி என்னிடம் திரும்பி, இவ என்ன சொல்லுறா என்று கேட்டாள். ஒரு சொல்லும் கூட்டாமல், ஒரு சொல்லும் குறைக்காமல் மொழிபெயர்த்தேன்.

"நீ மெத்தப் பெரிய நன்றி எண்டு சொன்னனியாம். அதுக்கு இவ, அதுக்கென்ன எண்டுறா."

மனுசி அவரைப் பார்த்தாள். பிறகு மூடியைப் போட்டு, துணியைப் பழையபடி சுற்றி முடிச்சுப் போட்டு, பெட்டியை அவரிடம் நீட்டினாள். பழக்கதோசம், அவர் அதையும் குனிந்து வாங்கிக்கொண்டார்.